எண்பது விழுக்காடு

1988 ஜூன் 13. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், நெவார்க் நகர நீதிமன்றத்தில் ஜூரிகள் ஒரு கணக்குச் சொன்னார்கள். ரோஸ் சிபலோன் என்ற பெண் நுரையீரல் புற்றுநோயால் இறந்ததற்கு எண்பது விழுக்காடு பொறுப்பு அவருடையதே என்பது அந்தக் கணக்கு. தீர்ப்பைக் கேட்க ரோஸ் உயிருடன் இல்லை. 1984 அக்டோபரில், தன் 58ஆம் வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். சிகரெட் கம்பெனி ஒன்று இழப்பீடு தர வேண்டும் என்று அமெரிக்க ஜூரிகள் சொன்னது அதுவே முதல்முறை என்பதால் உலகமெங்கும் செய்தியானது. தொகை நான்கு லட்சம் டாலர். அதுவும் கணவர் அந்தோணியோவின் இழப்புக்கு. ரோஸ் பட்ட வேதனைக்கென்று ஒரு டாலர்கூட இல்லை. கணவருக்குக் கிடைத்ததும் மேல்முறையீட்டில் நிற்கவில்லை.

அந்த எண்பது எப்படி வந்தது என்பதைப் பல ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் தமிழ் படித்தவள். சட்டமும் மருத்துவமும் எனக்குப் பாடமல்ல. ஆனால் சொற்கள் என் பாடம். ரோஸைத் தோற்கடித்தது ஒரு சொல். நாம் மிகவும் நேசிக்கிற, கவிதைகளில் கூசாமல் பயன்படுத்துகிற சொல்: விருப்பத் தேர்வு. அவளே தேர்ந்தெடுத்தாள்.

ரோஸ் 1942இல், பதினாறு வயதில் புகைக்கத் தொடங்கினார். செஸ்டர்ஃபீல்டு சிகரெட். சினிமா நடிகைகளைப்போல, வளர்ந்த பெண்ணைப்போலத் தோன்றியது என்று பின்னர் வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறார். 1955இல் அதே கம்பெனியின் எல் அண்ட் எம்முக்கு மாறினார். அதன் வடிகட்டி பாதுகாப்பானது என்று விளம்பரம் சொன்னது. 1968இல் வர்ஜீனியா ஸ்லிம்ஸ் என்று பெண்களுக்காகவே ஒரு சிகரெட் வந்ததும் அதற்கு மாறினார். ஏன் என்றால், அது அழகிய, விடுதலை பெற்ற பெண்ணின் சிகரெட்டாக அவர் மனதில் பதிந்திருந்தது. இதுவும் நீதிமன்றப் பதிவிலேயே இருக்கிறது. 1981இல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் சில காலம் மறைவாகப் புகைத்தார்.

விடுதலைக்கும் சிகரெட்டுக்கும் முடிச்சுப் போட்ட கதை இன்னும் பழையது. 1929 ஈஸ்டர் ஞாயிறன்று நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் சில இளம்பெண்கள் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு ஊர்வலத்தில் நடந்தார்கள். பெண்கள் தெருவில் புகைப்பது இழிவு என்றிருந்த காலம். 'சுதந்திரத்தின் தீப்பந்தங்கள்' என்று அதற்குப் பெயர். ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பர ஆலோசகர். பணம் கொடுத்தது லக்கி ஸ்ட்ரைக் சிகரெட்டைத் தயாரித்த அமெரிக்கன் டொபாக்கோ. வாக்குரிமை பெற்று ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்த பெண்களிடம் அவர்களுடைய போராட்டத்தின் சொல்லையே பெட்டியில் அடைத்து விற்றார்கள். 1968இன் வர்ஜீனியா ஸ்லிம்ஸ் விளம்பரமும் அதே வியாபாரம்தான். பாட்டி காலத்தில் ஒளிந்து புகைத்துக் கணவனிடம் அகப்பட்ட பெண் ஒரு பக்கம். இன்றைய நவநாகரிகப் பெண் இன்னொரு பக்கம். நீ வெகுதூரம் வந்துவிட்டாய் என்று முதுகில் ஒரு தட்டு.

இருபது ஆண்டுகள் கழித்து, அதே விடுதலை பெற்ற பெண்ணைக் கம்பெனிகளின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் கூண்டில் ஏற்றினார்கள். ரோஸ் புத்திசாலி என்றார்கள். பத்திரிகை படிப்பவர், யார் சொல்லுக்கும் வளையாத உறுதிக்காரர், கணவர் எத்தனையோ முறை விட்டுவிடச் சொல்லியும் கேட்காதவர் என்றார்கள். ஒரு பெண்ணைப் பற்றி ஆண்கள் நிறைந்த மன்றத்தில் இத்தனை பாராட்டு வந்தால் நாம் கொஞ்சம் எச்சரிக்கையாக வேண்டும். ஒவ்வொரு பாராட்டும் பொறுப்பின் ஒரு பங்கை அவர் தலையில் ஏற்றியது. கூட்டிப் பார்த்தால் எண்பது.

அதே வழக்கறிஞர்கள் அதே மன்றத்தில் இன்னொரு வாதமும் வைத்தார்கள். சிகரெட்டால் புற்றுநோய் வரும் என்பது நிரூபிக்கப்படவில்லை. ரோஸுக்கு வந்தது புகையோடு தொடர்பில்லாத அரிய வகை என்றார்கள். ஒரே மூச்சில் இரண்டு. ஆபத்து என்று ஊருக்கே தெரியும், தெரிந்தே புகைத்தார். ஆபத்து என்று யாருக்கும் தெரியாது, இன்னும் ஆராய வேண்டும். ரோஸுக்குத் தெரிந்திருக்க வேண்டியது, தயாரித்தவனுக்கு மட்டும் தெரியவில்லை. வீட்டுக்குள் நடக்கும் பஞ்சாயத்துகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த வாதமுறை புதிதல்ல. 'நான் அடிக்கவில்லை, அவள் அடி வாங்குகிற மாதிரிதான் நடந்துகொண்டாள்.'

காசுக்காக வாதாடியவர்களைப் புரிந்துகொள்வது எளிது. என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் வேறொருவர். மேரிலாந்து மாநிலத்து வழக்கறிஞர் லாரன் கோல்பி 1990களில் 'இன் டிஃபென்ஸ் ஆஃப் ஸ்மோக்கர்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். புகைப்பவர்களுக்காக வாதாடுவதாகத் தலைப்பிலேயே அறிவித்த புத்தகம். புகையால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்பது நிறுவப்படவே இல்லை என்பது அதன் வாதம். அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 1964லேயே அறிக்கை வெளியிட்டு, முப்பது ஆண்டு ஆராய்ச்சியும் அதற்குமேல் குவிந்த பிறகு வந்த புத்தகம் அது.

முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்குப் பெண்ணியக் கோட்பாட்டு வகுப்பில் இதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று கேட்டாள்: "அம்மா, டாக்டர் சொல்றத அப்படியே நம்பக்கூடாதுன்னு நாமளும்தானே படிக்கிறோம்? மருத்துவம் ஆம்பள கையில இருந்துச்சு, நம்ம உடம்பப் பத்தி நிறையப் பொய் சொல்லுச்சுன்னு போன வாரம்தான் நடத்துனீங்க. அந்த வக்கீலும் அதத்தானே சொல்றாரு? அவர் சொன்னா மட்டும் ஏன் தப்பு?"

நல்ல கேள்வி. "நாளைக்குச் சொல்றேம்மா" என்று உட்கார வைத்தேன். முழுதாகச் சொல்ல ஒரு பருவம் பிடித்தது.

அவள் சொன்னதில் பொய்யில்லை. பெண்ணின் துயரத்தைக் கருப்பையின் கோளாறு என்று பெயரிட்ட மருத்துவத்தைச் சந்தேகித்துத்தான் நாம் இங்கே வந்திருக்கிறோம். 1970 ஜனவரியில் அமெரிக்க செனட் சபைக் குழு ஒன்று கருத்தடை மாத்திரையின் ஆபத்துகளை விசாரித்தது. மாத்திரையை விழுங்கிய பெண்கள் ஒருவர்கூடச் சாட்சிகளாக அழைக்கப்படவில்லை. பார்வையாளர் வரிசையிலிருந்து இளம்பெண்கள் எழுந்து, ஏன் எங்களைக் கேட்கவில்லை என்று குரல் எழுப்பினார்கள். வெளியேற்றினார்கள், மறுபடி வந்தார்கள். அந்தச் சத்தத்தின் விளைவாகத்தான் மாத்திரையோடு எச்சரிக்கைத் தாள் வைக்கும் விதி வந்தது. அவர்களும் மருத்துவ உலகின் பொதுக்கருத்தோடு மோதியவர்களே.

ஆக, சந்தேகிப்பது குற்றமில்லை. தமிழில் 'ஐயம்' என்ற சொல்லுக்குச் சந்தேகம் என்றும் பொருள், பிச்சை என்றும் பொருள். ஒன்றைக் கேட்டு நிற்கிற நிலைதான் இரண்டும். கையேந்தி நிற்பவருக்குச் சோறு விழுந்தால் வாங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும். விழ விழப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, இன்னும் எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்பவர் பசியில் நிற்கவில்லை.

மணிமேகலையில் அறவண அடிகள் அவளுக்கு அளவையியல் கற்பிக்கும் பகுதியை நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. தருக்கம் கற்க உட்கார்ந்திருப்பவள் ஒரு பெண். அங்கே அனுமானத்துக்குச் சொல்லப்படும் எடுத்துக்காட்டு, மலையில் புகை தெரிந்தால் நெருப்பு உண்டு என்பது. அதற்குத் துணையாக நிற்பது அடுக்களை. புகையிருக்கும் இடத்தில் நெருப்பிருக்கும் என்று எப்படித் தெரியும்? அடுக்களையில் பார்த்திருக்கிறோமே. மலையேறித் தீயைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று அங்கே யாரும் அடம்பிடிப்பதில்லை.

புகைக்கு ஆதரவான எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருபவை மூன்று வாதங்கள். புகைக்கிற எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை, புகைக்காதவர்களுக்கும் வருகிறது, புள்ளிவிவரம் காரணத்தை நிரூபிக்காது. முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதில் பாதி உண்மை. 1950இல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இருவர் லண்டன் மருத்துவமனைகளில் செய்த ஆய்வை எடுத்துக்கொள்வோம். நுரையீரல் புற்றுநோய் வந்த 649 ஆண்களில் புகைக்காதவர் இருவர் மட்டும். வேறு நோய்களுக்காக வந்த அதே எண்ணிக்கை ஆண்களில் 27 பேர். வழக்கறிஞர் இதைக் கையிலெடுத்தால், நோயாளிகளின் நினைவு தவறியிருக்கலாம் என்பார். சரி என்று 1951இல் நலமாக இருந்த பிரிட்டிஷ் மருத்துவர்களிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்து, பல்லாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மருத்துவர்கள் எல்லோரையும் போன்றவர்கள் அல்ல என்பார். வேறு நாடுகளில், வேறு மக்களிடம் பார்த்தார்கள். ஒவ்வொரு ஆய்விலும் ஓட்டை உண்டு. ஆனால் எல்லா ஆய்விலும் ஒரே இடத்தில் ஓட்டை இல்லை. குறுக்கு விசாரணை ஒவ்வொரு சாட்சியாகக் கூண்டில் ஏற்றி உடைக்கிற கலை. ஒருவரையொருவர் அறியாத நூறு சாட்சிகள் ஒரே ஆளைக் கைகாட்டினால் என்ன செய்வது என்பதற்கு அந்தக் கலையில் பதில் இல்லை.

பெண்களைப் பற்றிய விடை தாமதமாக வந்தது. முதல் ஆய்வில் பெண் நோயாளிகள் 60 பேர் மட்டுமே. பெண்கள் பெருமளவில் புகைக்கத் தொடங்கியது பின்னால் என்பதால் விளைவும் பின்னால்தான் தெரிந்தது. பெண்களின் உடம்புக்கு அவ்வளவு ஆபத்தில்லையோ என்று நினைக்க அந்த இடைவெளி இடம் கொடுத்தது. 1987இல் அமெரிக்கப் பெண்களின் புற்றுநோய் இறப்புகளில் நுரையீரல், மார்பகத்தை முந்தியது. 2012இல் வெளியான பிரிட்டனின் 'மில்லியன் விமன்' ஆய்வு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்தது. வாழ்நாள் முழுக்கப் புகைத்தவர்கள் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயுளை இழந்தார்கள். நாற்பது வயதுக்கு முன் விட்டவர்கள் அந்தக் கூடுதல் ஆபத்தில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் தப்பினார்கள். அந்தப் பதினாறு வயது ரோஸ் பிறந்தது இதற்கெல்லாம் ஒரு தலைமுறை முன்பு.

என் பெரியம்மா ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லை. பெரியப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். வீட்டுக்கு வந்தால் சாய்வு நாற்காலியும் சிகரெட்டும். பெரியம்மாவுக்கு மூச்சிரைப்பு அதிகமாகி நகரத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனபோது நானும் உடன் இருந்தேன். "வீட்டில் யாராவது புகைபிடிப்பாங்களாம்மா?" என்று மருத்துவர் கேட்டார். பக்கத்து நாற்காலியில் பெரியப்பா. சட்டைப் பையில் பெட்டி துருத்திக்கொண்டு தெரிந்தது. "இல்லீங்க" என்றார் பெரியம்மா. மருத்துவர் அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு தனியே கேட்டேன். "அவுக முன்னாடி எப்படிடி சொல்றது? சொன்னா மட்டும் போயிருமா?" என்றார். பெரியம்மா நாற்பது வருடம் விறகடுப்பிலும் ஊதியவர். எந்தப் புகை அவரைக் கொண்டுபோனது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒற்றை உடம்பில் காரணத்தைத் துல்லியமாகக் காட்ட முடியாத அந்த இடைவெளியில்தான் வழக்கறிஞர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

ஜப்பானில் தகேஷி ஹிரயாமா என்பவர் அந்த இடைவெளியை வேறு விதமாகக் கடந்தார். நாற்பது வயதைத் தாண்டிய, தாங்கள் புகைக்காத 91,540 மனைவியரைப் பதினான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து 1981 ஜனவரியில் முடிவை வெளியிட்டார். அதிகம் புகைக்கும் கணவர்களைக் கொண்ட மனைவியருக்கு நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த ஒரு சிறு விவரம் உண்டு. கணவனின் புகைப்பழக்கத்தை மனைவியிடம் கேட்டு எழுதவில்லை, கணவனிடமே கேட்டிருந்தார்கள். யாரும் யார் முன்னாலும் 'இல்லீங்க' சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்த ஆய்வில் கணக்குப் பிழை இருக்கிறது என்று அமெரிக்கப் புகையிலைத் தொழிலின் கூட்டமைப்பு உடனே விளம்பரம் செய்தது. அதே 1981இல் ஒரு சிகரெட் கம்பெனியின் வழக்கறிஞர் உள்ளுக்குள் ஒரு குறிப்பு எழுதினார். தொழிலுக்கு ஆலோசனை சொல்லும் விஞ்ஞானிகளே ஹிரயாமா சொன்னது சரி என்று கருதுகிறார்கள் என்பது அதன் சாரம். குறிப்பு கோப்புக்குள் போனது. வெளியே சந்தேகம் தொடர்ந்தது. 1969லேயே அதே கம்பெனியின் இன்னொரு குறிப்பு, சந்தேகம்தான் நம்முடைய சரக்கு என்று ஒளிக்காமல் எழுதியிருந்தது.

என் மாணவிக்கு நான் கண்ட விடை இங்கேதான் இருக்கிறது. செனட் சபையில் எழுந்து நின்ற பெண்கள், மூடிய கோப்பைத் திறக்கச் சொன்னார்கள், எச்சரிக்கை கேட்டார்கள், தங்கள் உடம்பையே சாட்சியாக முன்வைத்தார்கள். சிகரெட் கம்பெனிகளின் வழக்கறிஞர்கள் திறந்த கோப்புகளை மூடினார்கள். ஆய்வுத் தாள்கள் தங்கள் மேசை வழியாகப் போகும்படி ஏற்பாடு செய்து, கட்சிக்காரருக்கும் வழக்கறிஞருக்கும் இடையிலான ரகசியம் என்று முத்திரை குத்தினார்கள். எச்சரிக்கையைத் தடுத்தார்கள். தடுக்க முடியாமல் 1966இல் பெட்டியில் அது அச்சான பிறகு, அதையே கேடயமாக்கி, சொல்லிவிட்டோமே, பிறகும் புகைத்தது அவள்தானே என்றார்கள்.

கோல்பி போன்ற தனி எழுத்தாளர் கோப்புகளை மறைக்கவில்லை என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவரை அந்த வழக்கறிஞர்களோடு ஒரே வரிசையில் நிறுத்த மாட்டேன். ஆனாலும் கேட்க ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. என்ன காட்டினால் உங்கள் மனம் மாறும்? மாத்திரை பாதுகாப்பானது என்று காட்டியிருந்தால் அந்தப் பெண்கள் நிம்மதியாக விழுங்கியிருப்பார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது அதுதான். எந்தச் சான்று வந்தாலும் அடுத்த சான்றைக் கேட்கும் சந்தேகம், தன் முடிவை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டது. கட்சிக்காரருக்காக வாதாடும் வழக்கறிஞர் தன் கட்சியை விட முடியாது. அது அவர் தொழில் தர்மம். அந்தத் தர்மத்தை உடம்பைப் பற்றிய அறிவுக்குள் கொண்டுவந்தால் மனம் மாறவே வழியில்லாமல் போகிறது.

ரோஸின் வழக்கு வீணாகவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1992இல் ஒரு பகுதி வென்று, செலவு தாங்காமல் அந்த ஆண்டு கடைசியில் கைவிடப்பட்டது. ஆனால் விசாரணையில் கம்பெனிகளின் உள் ஆவணங்கள் பெருமளவில் வெளியே வந்தன. பின்னால் வந்தவர்களுக்கு அவை பயன்பட்டன. 2006 ஆகஸ்டில் வாஷிங்டனில் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் 1,600 பக்கங்களுக்கு மேல் ஒரு தீர்ப்பு எழுதினார். பெரிய சிகரெட் கம்பெனிகள் பல பத்தாண்டுகள் கூட்டுச் சேர்ந்து மக்களை ஏமாற்றின என்று ஆவணம் ஆவணமாக எடுத்துக்காட்டி முடிவு சொன்னார். அந்த ஏமாற்றில் வழக்கறிஞர்களின் பங்கை விரித்து எழுதி, மதிப்புக்குரிய ஒரு தொழிலின் வரலாற்றில் இது வருந்தத்தக்க பகுதி என்று குறிப்பிட்டார். தண்டனைத் தொகை என்று பெரிதாக எதையும் விதிக்கச் சட்டம் அவரை விடவில்லை. உண்மையை நீங்களே விளம்பரம் செய்யுங்கள் என்று உத்தரவிட்டார். மேல்முறையீடுகள் முடிந்து அந்த விளம்பரங்கள் வரத் தொடங்கியது 2017 நவம்பரில்.

அந்த மாணவி இப்போது சட்டம் படிக்கிறாள். சென்ற மாதம் தொலைபேசியில், குறுக்கு விசாரணைப் பாடம்தான் மிகவும் பிடித்திருக்கிறது என்றாள். நன்றாகப் படி என்றேன். சிபலோன் வழக்கின் தீர்ப்பை அனுப்பச் சொல்லியிருக்கிறாள். அனுப்பும்போது, பெண்ணை ஒரு மன்றம் மிகவும் புகழ்கிற இடங்களில் எல்லாம் பென்சிலால் கோடு போட்டுவை என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன்.